கோடு பார்த்து வெட்டும் கத்தரி

மாஹிம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. சந்துக்குள் நுழைந்து நாலு திருப்பம் போனால் ரெடிமேட் துணி தைக்கும் பட்டறைகள். அங்கே எல்லாரும் மதிக்கிற ஆள் கட்டிங் மாஸ்டர். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, மெஷின் கத்தியைக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போவார். தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிசகினால் மொத்த அடுக்கும் போச்சு. டீ குடிக்க எழுந்தால்கூட பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நகர்வார்.

அந்தச் சந்தில் நடக்கிற ஒவ்வொருவர் ரத்தத்திலும் இதே தொழில் நடக்கிறது. அங்கே வெட்டுப்படுவது புரதம். வெட்டுகிற கத்தரிக்குக் கிரான்சைம் என்று பெயர். புரதத்தை வெட்டும் நொதி அது. அதைச் சுமந்து திரிபவை இரண்டு வகை வெள்ளணுக்கள்: ஒன்று கொல்லும் டி செல், இன்னொன்று இயற்கைக் கொல்லி செல். வைரஸ் புகுந்துவிட்ட செல்லையும், புற்றாக மாறத் தொடங்கிய செல்லையும் தேடிப் பிடித்துச் சாகடிப்பது இவற்றின் வேலை. வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து தானாக விட்டுப்போகும்போதெல்லாம் உடம்புக்குள் எங்கோ இந்தக் கத்தரி வேலை செய்திருக்கிறது.

ஏன் செல்லையே கொல்ல வேண்டும்? தடுப்பூசி போட்டதும் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள்கள் வைரஸை வெளியில் வைத்துப் பிடிக்கும். செல்லுக்குள் நுழைந்து பிடிக்கத் தெரியாது. வைரஸுக்கோ செல்லுக்குள்தான் பிழைப்பு. உள்ளே போய் அந்தச் செல்லின் பட்டறையையே தனக்காக ஓட்டி, ஆயிரக்கணக்கில் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். பட்டறையை மூடினால் ஒழிய உற்பத்தி நிற்காது. ஆகவே உடம்பு தன் செல்லைத் தானே கொல்கிறது. பக்கத்துச் செல்லுக்கு ஒரு கீறல் விழாமல் அதைச் செய்தாக வேண்டும்.

யாரைக் கொல்வது என்பதில் முதல் கவனம். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளித்தோலில் மாட்டிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன, கடை வாசலில் சாம்பிள் தொங்கவிடுவது போல. டி செல் வந்து அந்தச் சாம்பிளைத் தொட்டுப் பார்க்கும். சொந்தப் புரதம் என்றால் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கு தொங்கினால் நின்றுவிடும். இதை 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கண்டுபிடித்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலுக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. சில வைரஸ்கள் சாம்பிள் மாட்டும் கொக்கியையே கழற்றி ஒளித்துவிடும். அங்கேதான் இயற்கைக் கொல்லி செல் வருகிறது. கொக்கியே இல்லாத கடையைக் கண்டால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆளை அடையாளம் கண்ட பிறகு நடப்பதை மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஜில்லியன் கிரிஃபித்ஸ் குழு எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை மறக்காது. கொல்லி செல் இரையோடு ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தின் விளிம்பு ஒரு ரப்பர் வளையம் போல இறுகிக்கொள்கிறது. உள்ளே சிதறிக் கிடந்த சிறு குருணைகள் எல்லாம் ஒட்டிய பக்கமாக ஊர்ந்து வந்து கூடுகின்றன. பிறகு அந்த இடுக்கில், இரண்டு செல்லுக்கும் நடுவில் மட்டும், குருணைகள் திறந்துகொள்கின்றன. சில நிமிடங்களில் இரை சுருண்டு, தோல் கொப்புளித்துச் சாகிறது. கொல்லி செல் கைகழுவிக்கொண்டு அடுத்ததைத் தேடிப் போகிறது.

அந்தக் குருணைக்குள்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. கிரான்சைம் தயாராகி வரும்போது அதன் முனையில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் கூடுதலாக ஒட்டியிருக்கும். அவை இருக்கும்வரை கத்தரி விரியாது. குருணைக்குள் வந்த பிறகு கதெப்சின் சி என்ற வேறொரு நொதி அந்த இரண்டையும் கழற்றிவிடும். கழற்றியதும் வெட்டத் தொடங்கிவிடுமா என்றால் அதுவும் இல்லை. குருணைக்குள் புளிப்பு அதிகம். புளிப்பில் கிரான்சைமுக்கு வேலை ஓடாது. மேலும் அது செர்கிளைசின் என்ற இழையில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். கட்டிங் மாஸ்டர் பிளக்கைப் பிடுங்கி வைப்பது போல உடம்பும் மூன்று இடத்தில் பிடுங்கி வைத்திருக்கிறது.

ஆனால் எவ்வளவு கூர்மையான கத்தரியானாலும் வாசல் இல்லாமல் உள்ளே போக முடியாது. வாசலைத் திறப்பது பெர்ஃபோரின். அதே குருணையில் கிரான்சைமோடு கூடவே பயணம் செய்யும் புரதம். இதற்கும் ஒரு பூட்டு உண்டு. பெர்ஃபோரின் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். குருணைக்குள் அது போதுமான அளவில் கிடையாது. வெளியே கொட்டப்பட்டதும் இடுக்கில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரையின் தோலில் போய்ப் பதிகிறது. ஏறக்குறைய இருபது பெர்ஃபோரின் மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து ஒரு வளையமாகின்றன. வளையத்தின் நடுவில் துளை. அகலம் ஏறக்குறைய 13 முதல் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். சில நானோமீட்டர் அகலமே உள்ள கிரான்சைம் அதில் தாராளமாக நுழைந்துவிடும். அந்த வளையத்தின் வடிவத்தை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் லண்டன் பிர்க்பெக் கல்லூரியும் சேர்ந்து 2010-ல் படமாகக் காட்டின. சில பாக்டீரியாக்கள் நம் செல்லில் ஓட்டை போடப் பயன்படுத்தும் நஞ்சுப் புரதத்தின் மடிப்பும் பெர்ஃபோரினின் மடிப்பும் ஒரே ஜாடை என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எதிரியின் ஆயுதமும் நம் ஆயுதமும் ஒரே பழைய வார்ப்பு.

இரைக்கும் இது தெரியாமல் நடப்பதில்லை. துளை விழுந்த உடனே அடைக்கப் பார்க்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் அடைத்தும் விடும். அதற்குள் கிரான்சைம் உள்ளே போயிருக்கும்.

இனி வெட்டு. புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். கண்ட இடத்தில் வெட்டுகிற நொதிகளும் உலகில் உண்டு. வயிற்றில் பருப்பின் புரதம் கரைவது அவற்றால். கிரான்சைம் பி அப்படிப்பட்டதில்லை. ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மணி எங்கே வருகிறதோ அதற்கு அடுத்து மட்டும்தான் வெட்டும், அதுவும் முன்னும் பின்னும் உள்ள மணிகள் பொருந்தி வந்தால். அதுதான் அதன் சாக்பீஸ் கோடு. கிரான்சைம் ஏ-வுக்குக் கோடு வேறு: லைசின் அல்லது ஆர்ஜினின். மனிதருக்கு ஏ, பி, எச், கே, எம் என்று ஐந்து கிரான்சைம்கள். எலிக்கு இதைவிட அதிகம்.

கிரான்சைம் பி போய் இரையைத் தாறுமாறாகக் கிழிப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும், வேண்டிய நாளில் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கென்று ஒரு ஏற்பாடு தூங்கிக்கொண்டிருக்கிறது. அதில் முக்கியமான ஆள் கஸ்பேஸ்-3. அதுவும் ஒரு கத்தரிதான். கிரான்சைம் பி சரியான இடத்தில் ஒரு வெட்டு வெட்டி அதை எழுப்பிவிடுகிறது. பிட் என்ற புரதத்தை வெட்ட, அது மைட்டோகாண்ட்ரியாவில் போய் ஓட்டை விழச் செய்கிறது; செல்லின் மின்சாரம் நின்றுபோகிறது. மூன்றாவது வெட்டு ஒரு காவல் புரதத்துக்கு. டி.என்.ஏ.வை நறுக்கும் நொதியைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காவல். கட்டு அறுந்ததும் செல்லின் மரபுச் சுவடி முழுக்கத் துண்டு துண்டாகிறது. உள்ளே வைரஸ் இருந்தால் அதற்கு இனி ஓட்டப் பட்டறை இல்லை.

இறந்த செல் வெடித்துச் சிதறாமல் பொட்டலம் பொட்டலமாக மடிந்துகொள்ளும். அக்கம்பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். பல ஆண்டுகள் இதுதான் முழுக்கதை என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2020-ல் கதை நீண்டது. பீஜிங்கில் ஃபெங் ஷாவோ குழு, கிரான்சைம் ஏ காஸ்டெர்மின் பி என்ற புரதத்தை வெட்டுவதைக் கண்டது. பாஸ்டனில் ஜூடி லீபர்மன் குழு, கிரான்சைம் பி காஸ்டெர்மின் இ-யை வெட்டுவதைக் கண்டது. வெட்டுப்பட்ட காஸ்டெர்மின் செல்லின் தோலைக் கிழிக்கிறது; உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது; ஊரைக் கூட்டும் சாவு அது. எந்தச் செல்லில் காஸ்டெர்மின் இருக்கிறதோ அது சத்தம் போட்டுச் சாகும், இல்லாதது அமைதியாகப் போகும். இந்தச் சத்தத்துக்கு வேலை பிறகு வருகிறது.

அதற்கு முன் ஒரு நியாயமான கேள்வி. இடுக்கில் கொட்டிய பெர்ஃபோரின் இரையை மட்டும் ஏன் துளைக்கிறது, அதைக் கொட்டிய செல்லை ஏன் விட்டுவிடுகிறது? இரண்டும்தான் தோலோடு தோல் ஒட்டி நிற்கின்றன. மெல்பர்னில் பீட்டர் மக்கல்லம் மையத்தில் 2019-ல் விடை கிடைத்தது. கொல்லி செல்லின் தோலில், அந்த ஒட்டிய இடத்தில், கொழுப்பு மூலக்கூறுகள் இறுக்கமாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. பெர்ஃபோரினுக்கு வேர்விட இடமில்லை. தப்பித்தவறிப் பதிவதும் அங்கேயுள்ள வேறொரு கொழுப்பில் சிக்கி வளையமாகாமல் வீணாகிறது. கிரான்சைம் கசிந்துவிட்டால் அதைப் பிடித்து முடக்க செர்பின் பி9 என்ற புரதமும் உள்ளே தயாராக நிற்கிறது. புற்றுச் செல்கள் சில இந்தச் செர்பினைத் தாமே தயாரித்துக்கொண்டு தப்பிக்கின்றன.

இவற்றைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லிவிடலாம். பெர்ஃபோரின் 1980-களின் முதல் பாதியில் பிடிபட்டது. குருணைக்குள் வெட்டும் நொதிகள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன என்று 1987-ல் காட்டியவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மாஸனும் யூர்க் ட்ஷோப்பும். இவை உண்மையில் உயிர்காக்கும் ஆயுதங்கள்தானா என்பதை நிரூபித்தது எலி. 1994-ல் ஜூரிச்சில் பெர்ஃபோரின் இல்லாத எலிகளை உருவாக்கி வைரஸ் கொடுத்தார்கள். கொல்லும் டி செல்கள் வந்தன, ஒட்டின, ஒன்றும் செய்ய முடியாமல் நின்றன. வைரஸ் போகவில்லை.

இனி வைரஸை விட்டுக் காசநோய்க்கு வருவோம். மாஹிமின் பெயர் உலக மருத்துவ இதழ்களில் அடிபட்டது 2011 கடைசியில். கடலோரம் வீர் சாவர்க்கர் மார்கில் இருக்கும் ஹிந்துஜா ஆஸ்பத்திரியின் நுரையீரல் மருத்துவர் ஸரீர் உத்வாடியாவும் சக மருத்துவர்களும், பரிசோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயை நாலு பேரிடம் கண்டதாக எழுதினார்கள். அந்த நோய்க்கு அவர்கள் பயன்படுத்திய பெயரை அரசும் உலக சுகாதார நிறுவனமும் ஏற்கவில்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் திறந்தது. பெடாகுயிலின் போன்ற புது மருந்துகள் பிறகு வந்தன. மருந்துக்கு எதிராகக் காசநோய்க் கிருமிக்கு இருக்கும் பெரிய வசதி அதன் குடியிருப்பு. கிருமிகளை விழுங்கிச் செரிக்கிற மாக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவுக்குள்ளேயே அது வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

அந்த வீட்டுக்குள்ளும் கத்தரி போகிறது என்பதுதான் சேதி. 1998-ல் அமெரிக்காவில், மனிதக் கொல்லி செல்லின் குருணையில் கிரானுலைசின் என்ற மூன்றாவது ஆயுதம் காசநோய்க் கிருமியையே நேரடியாகத் துளைத்துக் கொல்வதாகக் காட்டினார்கள். பெர்ஃபோரின் செல்லின் தோலைத் திறக்கும். கிரானுலைசின் உள்ளே இருக்கும் கிருமியின் தோலைத் திறக்கும். கிரான்சைம் இரண்டு வாசலும் கடந்து கிருமியின் புரதங்களை வெட்டும். லீபர்மன் ஆய்வுக்கூடத்திலிருந்து 2014-லும் 2017-லும் வந்த ஆய்வுகள் இந்தக் கடைசிப் படியைத் தெளிவாக்கின. ஆய்வுக்கூட எலிக்குக் கிரானுலைசினே கிடையாது. எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இதிலிருந்து ஒரு மாத்திரையும் இன்னும் வந்துவிடவில்லை. ஆனாலும் தாராவியிலும் சென்னைப் புளியந்தோப்பிலும் காசநோயோடு போராடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. கிருமி நுழைந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடம்பு அதை அடக்கி வைத்துவிடுகிறது. அடக்குகிற அந்த வேலைக்குச் சாப்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்தான உணவுப் பை கொடுத்ததாலேயே அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! வெள்ளணுவுக்கு ஆயுதம் செய்யும் இரும்பு அங்கேயிருந்துதான் வருகிறது.

மாஹிமிலிருந்து வடகிழக்கே பவாய். ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வார் குழு இதே கத்தரிக்கு விலாசம் எழுதக் கற்றுக்கொண்டது. பரேலின் டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி பவாய் வளாகத்தில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார்.

செய்கிற முறை இதுதான். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுப்பார்கள். நோய் உண்டாக்காதபடி முடக்கிய ஒரு வைரஸை வாகனமாக்கி, அவற்றுக்குள் ஒரு புது மரபணுவை ஏற்றுவார்கள். அதன் பலனாக டி செல்லின் தோலில் ஒரு புதுக் கொக்கி முளைக்கும். சிடி19 என்ற அடையாளம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அதைப் பிடிக்கும் கொக்கி. சில ரத்தப் புற்றுகளில் புற்றுச் செல்கள் எல்லாம் இந்த அடையாளத்தைப் போட்டுக்கொண்டுதான் திரிகின்றன. பெருக்கிய செல்களைப் பை ஒன்றில் உறையவைத்து, உரிய நாளில் சொட்டு சொட்டாகத் திரும்ப ஏற்றுவார்கள். மனிதர் புதிதாகச் செய்தது கொக்கி ஒன்றைத்தான். பிடித்த பிறகு நடப்பது பழைய தொழில்: குருணை, துளை, வெட்டு.

அமெரிக்காவில் இந்த வகையில் முதலில் அனுமதி பெற்ற கிம்ரியாவின் விலை 2017-ல் 4,75,000 டாலர். மும்பைத் தயாரிப்பு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. பத்தில் ஒரு பங்கும் நாற்பது லட்சம் ரூபாயை நெருங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. டாடா மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களுக்கு அது எட்டாத தொகை. வேலூர் சி.எம்.சி. தன் வளாகத்திலேயே இந்தச் செல்களைத் தயாரித்துக் கொடுக்கும் முறையைச் சோதித்து வருவதும் விலையைக் குறைக்கத்தான். மற்ற சிகிச்சைகள் கைவிட்ட பிறகு நெக்ஸ்கார்19 எடுத்துக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்ததாக 2025-ல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் ஆய்வு முடிவு வந்தது. கைவிடப்பட்ட நிலையில் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று புற்றுநோய் வார்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செல்களை ஏற்றிய சில நாளில் பலருக்குக் காய்ச்சல் அடிக்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகும். முன்னே சொன்ன ஊரைக் கூட்டும் சாவு இங்கேதான் வேலை காட்டுகிறது. கிரான்சைம் பி-யின் வெட்டால் எழுந்த கஸ்பேஸ் காஸ்டெர்மின் இ-யை வெட்ட, புற்றுச் செல்கள் வெடித்துச் சாகின்றன. சிதறிய சரக்கைப் பார்த்து மாக்ரோஃபேஜ்கள் அலறுகின்றன. அந்த அலறல்தான் காய்ச்சல் என்று 2020-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாவு ஒன்றுதான், எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்து நோயாளி வார்டில் இருப்பதும் ஐ.சி.யு.வில் இருப்பதும் மாறுகிறது.

இப்படி விலாசம் எழுதி அனுப்பக்கூடிய ஆயுதம், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இல்லை.

1952-ல் எடின்பரோவில் ஃபர்க்யூர், கிளேரோ என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறந்த சிசுக்களைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், குறைந்துகொண்டே போகும் ரத்த அணுக்கள். எலும்பு மஜ்ஜையைப் பார்த்தால் மாக்ரோஃபேஜ்கள் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கிக்கொண்டிருந்தன. இந்த நோயை இன்று மருத்துவர்கள் எச்.எல்.எச். என்பார்கள். காரணம் தெரிய 47 ஆண்டுகள் ஆயின. 1999-ல் இப்படிப்பட்ட குழந்தைகள் எட்டுப் பேரிடம் பெர்ஃபோரின் மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது.

கொல்ல முடியாமல் போனால் எதிர்ப்புச் சக்தி குறையத்தானே வேண்டும், காய்ச்சல் ஏன் ஏற வேண்டும்? கொல்லி செல் இரையோடு ஒட்டியதும் இரண்டு வேலை செய்கிறது: குருணையைத் திறக்கிறது, ‘ஆபத்து’ என்று இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிக்குரல் கொடுக்கிறது. இரை செத்தால்தான் அதற்குப் பிடி விடும், குரல் நிற்கும். பெர்ஃபோரின் இல்லாத செல்லுக்கு இரை சாகாது. சில நிமிடங்களில் விட வேண்டிய பிடி பல மடங்கு நீள்கிறது. குரல் நிற்பதே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு மாக்ரோஃபேஜ்களுக்கு வெறி பிடிக்கிறது. கையில் கிடைத்த ரத்த அணுவையெல்லாம் விழுங்குகின்றன. வைரஸ் சாதாரணமானதாகவே இருக்கலாம். குழந்தையைக் கொல்வது ஓயாத அந்த அபாயக் குரல்.

மழைக்கால மும்பையில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதலில் மலேரியா, டெங்கு, டைபாய்டு பார்ப்பார்கள், அது சரியும்கூட. எல்லாம் ‘நெகட்டிவ்’ என்று வந்து, பத்து நாளாகியும் காய்ச்சல் விடாமல், வயிற்றில் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டு, பிளேட்லெட் விழுந்துகொண்டே போனால் அனுபவமுள்ள மருத்துவர் ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க எழுதுவார். அந்த எண் 10,000-ஐத் தாண்டினால் எச்.எல்.எச். சந்தேகம் பலமாகும். டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும்கூட நல்ல பெர்ஃபோரின் உள்ளவரிடத்தில் தற்காலிகமாக இதே கூத்தை உண்டாக்கும் என்பதால் பிறவிப் பழுதா, வந்த பழுதா என்று பிரித்தறிய வேண்டும்.

அதற்கு ரத்தம் போகிற இடங்களில் ஒன்று, மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். மாடுங்கா ரோடு, தாதர், பிரபாதேவி. அங்கிருந்து நடந்து போனால் பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரி வளாகம், அதன் பல அடுக்குக் கட்டடத்தின் 13-ஆம் மாடியில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனம். 1957-ல் ரத்த வகை ஆராயும் மையமாகத் தொடங்கியது. மனிஷா மட்கைக்கர் தலைமையிலான அதன் குழு, இந்தியக் குழந்தைகளின் பெர்ஃபோரின் பழுதுகளைத் தேடிக் கண்டு பதிவு செய்திருக்கிறது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளுக்கு இந்த நாட்டில் எங்கே போய்ச் சோதிப்பது என்று தெரியாத காலம் ஒன்று இருந்தது. அந்த நிலையை மாற்றிய உழைப்பு இது.

பரிசோதனை பார்க்க எளிமையானது. ஹெப்பாரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். செல்கள் உயிரோடு வந்து சேர வேண்டும், ஆகவே தாமதம் கூடாது. பெர்ஃபோரினில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு லேசர் ஒளியில் எண்ணுவார்கள். திரையில் ஒரு மேடு எழும். பெர்ஃபோரின் இருந்தால் மேடு வலப்பக்கம் நிற்கும். இல்லையென்றால் இடது ஓரத்திலேயே ஒட்டிக்கிடக்கும். இன்னொரு சோதனையில் குழந்தையின் கொல்லி செல்களை கே562 என்ற புற்றுச் செல்களோடு சில மணி நேரம் விட்டுவைத்து எத்தனை செத்தன என்று பார்ப்பார்கள். 1970-ல் அமெரிக்காவில் 53 வயதுப் பெண் ஒருவரின் ரத்தப் புற்றிலிருந்து எடுத்த செல் வரிசை அது. அவருடைய செல்கள் இன்றும் பரேல் வரை வந்து குழந்தைகளுக்குச் சாட்சி சொல்கின்றன.

பெர்ஃபோரின் நன்றாக இருந்தும் குருணை வாசலுக்கு வந்து சேராத குழந்தைகளும் உண்டு. அதில் ஒரு வகை, கிரிசெல்லி நோய். குழந்தை வெள்ளி முடியோடு பிறக்கும். “தாத்தா முடியோட வந்து பொறந்திருக்கான்” என்று வீட்டில் கொஞ்சுவார்கள். முடிக்கு நிறம் தரும் மணிகளை நகர்த்துவதும் கொல்லி செல்லின் குருணையை நகர்த்துவதும் ராப்27ஏ என்ற ஒரே புரதம். அது பழுதானால் முடி வெளுக்கும், கத்தரி உள்ளேயே தங்கிவிடும். ஒரு முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நிறம் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நிற்பது தெரியும். கருவி எதுவும் இல்லாத ஊரிலும் இந்த ஒரு முடி ஒரு குழந்தையைக் காப்பாற்றக்கூடும்.

இந்த நோய்கள் வரப் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். அப்படிச் சேரும் வாய்ப்பு உறவுக்குள் கட்டும்போது கூடுகிறது. தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தாராவிக்கும் செம்பூருக்கும் வந்த குடும்பங்கள் மாமன் மகன், அத்தை மகள் முறையையும் கூடவே கொண்டுவந்தன. முதல் குழந்தை காரணம் தெரியாத காய்ச்சலில் இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்வதில் யாரும் கூச்சப்பட வேண்டாம். ‘எங்க வம்சத்துல அப்படியெல்லாம் இல்லை’ என்று மாமியார் மறைக்கிற ஒரு வாக்கியம் மரபணுப் பரிசோதனையின் வாசலையே மூடிவிடுகிறது.

சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் எடோபோசைடும் டெக்ஸாமெத்தசோனும் கொடுத்துக் கூச்சலை அடக்குவார்கள். 1994-ல் தொடங்கிய அந்தச் சிகிச்சை முறைக்கு முன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்தார்கள். அதற்குப் பின் பாதிக்குச் சற்று மேல் பிழைத்தார்கள். அடக்கிய பிறகு நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. கே.ஈ.எம்.முக்குப் பக்கத்திலேயே, டாடா மருத்துவமனையில் 1983-ல் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று நடந்தது. வேலூரிலும் சென்னையிலும் இன்று அது நடக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது பொருந்தினால் அவர்களின் மஜ்ஜை குழந்தைக்குள் வேர்பிடித்துப் புது வெள்ளணுக்களை உண்டாக்கத் தொடங்கும்.

வேர்பிடித்ததா என்று பார்க்க மறுபடியும் ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். மறுபடியும் சாயம், மறுபடியும் லேசர். முன்பு இடது ஓரத்தில் ஒட்டிக்கிடந்த மேட்டுக்கு வலப்பக்கம், அக்காளிடமிருந்து வந்த செல்களால், ஒரு சின்ன மேடு எழுந்து நிற்கும்.